பெயர் தெரியாத மாத்திரைக்கு ஒரு மனு

மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், பிரிவு இருபத்தாறு. எந்த நபரும் தாம் வாங்கிய மருந்தை உரிய படிவத்தில், உரிய கட்டணத்துடன் அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்லலாம். அவர் கையெழுத்திட்ட அறிக்கையைப் பெறும் உரிமை அந்த நபருக்கு உண்டு. 'எந்த நபரும்' என்றுதான் சட்டம் சொல்கிறது. டாக்டர் என்றோ வக்கீல் என்றோ சொல்லவில்லை. எத்தனை நாளுக்குள் அறிக்கை வரவேண்டும் என்றும் சொல்லவில்லை. அதை எழுதியவர்களுக்கு அவசரம் எதுவும் இருந்திருக்காது.

முப்பத்து மூன்று வருடம் அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து மனுக்களுக்குப் பதில் எழுதியவன் நான். அந்தக் காலத்தில் இந்தப் பிரிவை யாரும் பயன்படுத்தியதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒருவர் பயன்படுத்தினார். விஸ்வநத்தம் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கும் பெண் தொழிலாளி அவர். எட்டாவதோடு பள்ளியை விட்டவர். இப்போது மகளோடு வெளியூர் போய்விட்டார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. "மனுவுல எழுதியாச்சுல்ல பாய், அது போதும். மத்த எடத்துல எதுக்கு?" என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அவர் வாயில் எப்போதும் இருந்த வாக்கியம் ஒன்றுதான். "எழுதிக் குடுங்க."

விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் பஸ்ஸில் ஒருநாள் அவரோடு போனேன். அவருடைய நிறுத்தம் வருவதற்கு முன்பே கண்டக்டர், "இது அங்கன நிக்காதுத்தா, அடுத்த ஸ்டாப்புல எறங்கி நடங்க" என்றார். இவர் சண்டை போடவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். "நிக்காதுன்னு எழுதி, ஒங்க நம்பரையும் போட்டுக் குடுங்க. நான் பாட்டுக்கு நடந்து போறேன்." கண்டக்டர் நோட்டைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். பஸ் நின்றது. "எறங்கு மவராசி, எறங்கு!" என்று கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். இவரும் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்.

கம்பெனியிலும் அதே கதைதான். மருந்து அடைக்கும் ஒவ்வொரு அறையின் சுவரிலும், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். சீசனில் ஆர்டர் குவிந்தால் சுவரில் எழுதியதை யாரும் படிப்பதில்லை. கூடுதல் ஆட்களை வேப்பமரத்தடியில் உட்கார வைத்துவிடுவார்கள். போர்மேன் இவரையும் மரத்தடிக்குப் போகச் சொன்னார்.

"மரத்தடியில ஒக்காந்து மருந்து அடைங்கன்னு எழுதிக் குடுங்கண்ணாச்சி."

"ஒனக்கு எழுதிக் குடுக்கதுக்கா என்னைய வச்சிருக்காக?"

"அப்ப வாயால சொல்லுததுக்கு மட்டுந்தான் வச்சிருக்காகளா?"

மறுநாளிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். இவர் மறுநாளும் தூக்குச்சட்டியோடு போய் கேட்டில் நின்றார். வரவேண்டாம் என்பதை எழுதிக் கொடுத்தால் போய்விடுவதாகச் சொன்னார். நான்கு நாள் நின்றார். ஐந்தாம் நாள் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்கள். அறைக்குள்தான் உட்கார வைத்தார்கள்.

இது பிடிவாதம் என்று நானும் முதலில் நினைத்தேன். இந்த மாதிரி ஆட்களுக்கு எங்கள் அலுவலகத்தில் 'தொடர் மனுதாரர்' என்று மரியாதையாக ஒரு பெயரும், மரியாதையில்லாமல் வேறு சில பெயர்களும் உண்டு. ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். "வெடிச்சதுக்குப் பெறகு ஆரும் எதையும் சொல்லியிருக்க மாட்டாக பாய். போர்மேன் சொல்லலைம்பாக, மொதலாளி சொல்லலைம்பாக. செத்தவ வந்து சொல்லவா போறா? காயிதம் இருந்தாத்தான் சொன்னது சொன்னதா இருக்கும்" என்றார். அவர் அதை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதைக் கேட்க வேண்டியதில்லை.

முதன்முதலில் என்னைத் தேடி அவர் வந்தது ஒரு மார்கழிக் காலையில். விருதுநகர் பஜாரில் என் தம்பியின் மிளகாய் வத்தல் கமிஷன் கடையில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருப்பேன். மனு எழுதத் தெரியாதவர்கள் வருவார்கள். அவர் வாசலோடு நின்றுவிட்டார்.

"மனு எழுதுற பாய் நீங்கதானா?"

"ஆமாம்மா, உள்ள வாங்க."

"உள்ள வந்தா வத்தல் நெடியில இழுத்துக்கிட்டுப் போய்ச் சேந்துருவேன். நீங்க வெளிய வாங்க."

கலெக்டர் கூப்பிட்டாலும் கையில் இருக்கும் கோப்பை முடித்துவிட்டுத்தான் எழுந்தவன் நான். மேசையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

அவர் முகம் நிலா மாதிரி உருண்டு பளபளவென்று இருந்தது. கைகளோ குச்சி. முழங்கைக்குக் கீழே அங்கங்கே ஊதா நிறத்தில் ரத்தம் கட்டியிருந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு வந்திருக்கிறார். தனக்கு என்ன நடந்தது என்பதை முழுசாக எழுதிக் கொடுங்கள் என்று கேட்டாராம். ஒரு சீட்டில் நாலு வரி கிறுக்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு மனு எழுத வேண்டும்.

என்ன நடந்தது என்று கேட்டேன். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது. பஸ் கண்டக்டரிடமும் போர்மேனிடமும் எழுத்து கேட்ட மனுஷி, மூன்று சீசன் பெயர் தெரியாத மாத்திரையைத் தின்றிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் அதற்கு 'செட் மாத்திரை' என்று பெயர். மருந்துக்கடையில் போய் உடம்பு வலி, சளி, இழுப்பு என்று சொன்னால் போதும். கடைக்காரர் அட்டையிலிருந்து பிரித்த உதிரி மாத்திரைகளை, வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ரோஸ் ஒன்று என்று துண்டுக் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். சீட்டு இல்லை, பில் இல்லை, மாத்திரைக்குப் பெயர் இல்லை. நாட்டில் பாதிப் பொருளுக்கு லேபிள் அச்சடிக்கிற ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி. இவருக்கு அலுமினியப் பொடியும் கந்தகமும் சுவாசித்து இழுப்பு வந்திருந்தது. கம்பெனி வேன் நிற்கும் இடத்தில் இருந்த கடையில் செட் வாங்கினார். ஒரே நாளில் இழுப்பு நின்றது. உடம்பு வலியும் போனது. கூட இருந்த பெண்களும் வாங்க ஆரம்பித்தார்கள்.

"சீசன் பூரா அதுலதான் ஓடுச்சு பாய். 'யக்கா, ஆளே பூசுனாப்புல ஆயிட்டீக'ன்னு சொன்னாளுக. நானும் சந்தோசப்பட்டேன், கூறுகெட்டவ. கட்டைவெரல்ல கம்பி குத்திச் சீழ் வச்சுச்சு. செவக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. அதையும் மாத்திரை மகிமைன்னு நெனச்சேன்."

தீபாவளியோடு கம்பெனியை அடைத்தார்கள். மழை முடிந்து பூஜை போட்டுத்தான் திறப்பார்கள். வேலை இல்லாதபோது மாத்திரை எதற்கு என்று இவரும் நிறுத்திவிட்டார். ஐந்தாம் நாள் வாந்தி. எழுந்து நிற்க முடியவில்லை. ஆறாம் நாள் வாசலிலேயே விழுந்தவரை ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தார்கள்.

சிகிச்சைக் குறிப்பின் நகலைக் கேட்டுப் பெறுவது நோயாளியின் உரிமை. விண்ணப்பத்தை எழுதி எடுத்துக்கொண்டு நானும் அவரோடு போனேன். வார்டில் இருந்த டாக்டரம்மா சிறு வயது. விண்ணப்பத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். "இதைக் கேக்கவா மனு? நானே எழுதித் தர்றேன், உக்காருங்க."

இவர் உட்காரவில்லை. "இன்னொண்ணும் கேக்கணும். வெளிய வாங்குன மாத்திரையில ஸ்டீராய்டு இருந்திருக்கும், அதான் ஒடம்பக் கெடுத்துருச்சுன்னீக. இப்ப நீங்களே ஸ்டீராய்டுதான் குடுத்திருக்கீகளாம். நர்சம்மா சொல்லுது. இது என்ன நாயம்?"

வெளியே முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். ஆனாலும் அந்தப் பெண் பேனாவை எடுத்து ஒரு சீட்டின் பின்பக்கம் வட்டம் ஒன்றை வரைந்தார். அதற்குள் ஒரு சின்ன வட்டம்.

"நோயோட சண்டை போடுற செல்லுங்க நம்ம ரத்தத்துல இருக்கு. இது அந்த செல். நடுவுல இருக்கிறது உட்கரு. செல்லுக்குள்ள, உட்கருவுக்கு வெளிய, ஏற்பின்னு ஒரு புரதம் காத்துக்கிட்டு இருக்கும். ஸ்டீராய்டு செல்லோட தோலைத் தாண்டி நேரா உள்ள வந்து அந்த ஏற்பியைப் பிடிச்சுக்கும். ரெண்டும் சேந்து உட்கருவுக்குள்ள போகும். வீக்கம், இழுப்பு, வலி இதுக்கெல்லாம் காரணமான பொருளைச் செய்யுங்கன்னு அங்கதான் உத்தரவு ஓடிக்கிட்டு இருக்கும். போயி அதை நிறுத்திடும்."

இவர் அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அது போர்மேன்" என்றார்.

"எது?"

"அந்த ஏற்பி. ஆபீசுக்கு வெளிய முற்றத்துல நிக்கிறான். மொதலாளி வீட்டு ஆளு வந்து கையப் பிடிச்சதும் ஆபீசுக்குள்ள போயி, இன்னைக்கு இம்புட்டுப் பெட்டின்னு எழுதியிருக்க போர்டை அழிச்சுட்டு வாரான். அறையில இருக்க பொம்பளைக கையக் கட்டிக்கிட்டு ஒக்காந்துருவாக. வேல நின்னுரும். இழுப்பும் நின்னுரும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "சரியாத்தான் சொல்றீங்க."

"அப்ப நம்ம ஒடம்புக்குள்ளயே மொதலாளி வீட்டு ஆளுன்னு ஒருத்தன் இருக்கணுமே?"

"இருக்கான். சிறுநீரகத்துக்கு மேல ஒரு சுரப்பி இருக்கு. தினமும் காலையில அது அளவா சுரந்து அனுப்பும். நீங்க வெளிய இருந்து மூணு சீசன் கொட்டினதுல, நமக்கு இங்க வேலை இல்லைன்னு அது சுருங்கிப் போச்சு. செல்லுக்குள்ள ஏற்பியும் குறைஞ்சு போகும். முதல்ல ஒரு மாத்திரையில நின்ன இழுப்புக்கு அப்புறம் ரெண்டு தேவைப்பட்டிருக்குமே? அதுக்கு இதுவும் ஒரு காரணம்."

"ஆமா, கடைசியில ரெண்டு போட்டேன். தீபாவளியோட சட்டுனு நிறுத்துனதும் வெளி ஆளும் வரல, வீட்டு ஆளும் இல்ல. கம்பெனியில ஆளே இல்ல."

"ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறதும் அந்த ஆளோட வேலைதான். அதான் விழுந்தீங்க. இப்ப நான் தர்றதைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கிட்டே வரணும். வீட்டு ஆளு திரும்ப வேலைக்கு வர்றதுக்கு மாசக் கணக்காகும்."

"மூணு சீசன் வெளிய நிறுத்துனோம்ல. ரோசம் இருக்கத்தான் செய்யும்." இவர் நோட்டை எடுத்து நீட்டினார். "எந்தத் தேதிக்கு எம்புட்டுன்னு எழுதிக் குடுங்க."

டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார். கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். பாதி வழியில் நின்றுவிட்டார்.

"பாய், தீபாவளி முடிஞ்சதும் எங்க தெருவுல பாதிப் பொம்பளைக படுத்துக் கெடப்பாக. தல சுத்தும், வாந்தி எடுக்கும், சோறு எறங்காது. சீசன் அசதின்னு சொல்லுவோம். ஓடி ஓடி வேல பாத்த ஒடம்பு, ஒக்காந்ததும் அடிக்குதுன்னு சொல்லுவோம்." நோட்டைப் பிரித்து டாக்டரம்மா எழுதியதைப் பார்த்தார். பிறகு சொன்னார். "அது அசதி இல்ல."

அடுத்த ஆடியில் சீசன் சூடு பிடித்தது. அவரோடு வேலை பார்த்த பதினோரு பெண்கள் அதே கடையில் அதே செட்டைத் தின்றுகொண்டிருந்தார்கள். தீபாவளிக்குள் அவர்களை டாக்டரிடம் கொண்டுபோய், மாத்திரையை முறைப்படி குறைக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் கம்பெனி அடைத்த வாரத்தில் விழுவார்கள். அதற்கு அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். பிரிவு இருபத்தாறை நான் அவருக்குப் படித்துக் காட்டியது அப்போதுதான்.

மாதிரி வாங்கக் கடைக்குப் போனோம். எந்த ஊர்க் கடை என்று எழுதப் போவதில்லை. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது.

"தம்பி, இழுப்புக்கு இருபது செட்டு குடு. பில்லும் போடு."

"செட்டுக்கு ஏதுக்கா பில்லு?"

"இந்த வெள்ளைக்கு என்ன பேரு?"

"பேரத் தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? ஒங்களுக்கு மூச்சு முட்டுனப்ப காப்பாத்துனது நானு. ஆஸ்பத்திரிக்காரன் இல்ல."

"இல்லேங்கல. இன்ன மருந்தக் குடுத்து இவளக் காப்பாத்துனேன்னு எழுதிக் குடு. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுல மாட்டுதேன்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "பாய் ஆரு?"

"பில்லுக்குப் பதிலா வந்திருக்காக."

பில் இல்லாமலேயே செட்டை மடித்துக் கொடுத்தார். டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகள் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அது அந்தக் கடைச் சுவரிலேயே, ஊதுபத்திப் புகை படிந்து தொங்கியது.

விண்ணப்பிக்க வேண்டிய படிவம் பதினான்கு-ஏ. அதன் மூன்றாவது கேள்வி, மாதிரியில் இருப்பதாகக் கூறப்படும் மருந்தின் பெயர். "அது தெரிஞ்சா நான் எதுக்கு அனுப்புதேன்?" என்றார். 'கூறப்படவில்லை' என்று எழுதினேன். ஆறாவது கேள்வி, பரிசோதனை கோருவதன் காரணம். அரசு அலுவலகத்துக்கு எப்படி எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். மேற்படி மருந்தின் தன்மை குறித்து மனுதாரருக்கு ஐயப்பாடு எழுந்துள்ளபடியால் என்று ஆரம்பித்து ஆறு வரி எழுதி, படித்தும் காட்டினேன்.

"அடிங்க அத" என்றார். "நான் சொல்லுததை எழுதுங்க. பதினோரு பேரு தின்னுதாக. தீபாவளிக்கு மறு வாரம் விழுந்துருவாக. அதுக்கு முந்தித் தெரியணும்."

"இப்படியெல்லாம் எழுதக் கூடாதும்மா."

"நீங்க எழுதுனதுல ஆரும் விழவே இல்லையே பாய்."

அடித்தேன். அவர் சொன்னதை எழுதினேன். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபால். எட்டாம் நாள் ஒப்புகை வந்தது. அதன் பிறகு எதுவும் வரவில்லை. புரட்டாசி பிறந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டோம். முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். முப்பதாம் நாள் பதில் சொன்னார்கள். 'தாங்கள் கோரிய விவரம் தொடர்புடைய பிரிவிலிருந்து கேட்கப்பட்டுள்ளது.' எவ்வளவு சுத்தமான வாக்கியம். பொய்யும் இல்லை, பதிலும் இல்லை.

இதற்கிடையில் அவர் பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டுவாராம். போர்மேன் கதையைச் சொல்லுவாராம். உண்மையான போர்மேன் கொஞ்ச தூரத்தில் நின்று முறைப்பாராம். பயந்துபோன இரண்டு பேர் கையிலிருந்த செட்டைத் தூக்கி எறியப் போனார்கள். "ஏ, எறியாதீக! எறிஞ்சா இன்னைக்கே விழுவீக. டாக்டரம்மாட்டக் காட்டித்தான் கொறைக்கணும்" என்று ஓடிப் போய்த் தடுத்தார். மாத்திரையை ஏசிக்கொண்டே மாத்திரைக்குக் காவல் நின்றவர் அவர் ஒருவர்தான். சீசனில் ஒரு நாள் வேலையை விடுவது லேசான காரியம் இல்லை. ஆனாலும் இரண்டு இரண்டு பேராகக் கூட்டிக்கொண்டு போனார். "நான் விழுந்தத நேர்ல பாத்தீகள்ல? அதுக்கு மேல என்ன காயிதம் வேணும்?" என்றார். பத்துப் பேர் போனார்கள்.

பதினோராவது ஆள் முத்துமாரி. எல்லோரிலும் இளையவள். அறையில் இவருக்கு எதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பவள். இவரைப் பார்த்துத்தான் அவளும் யார் என்ன சொன்னாலும் எழுதிக் கொடு என்று கேட்கப் பழகியிருந்தாள். அதில் இவருக்குப் பெருமையும் உண்டு.

"யக்கா, வாயால சொன்னா நம்பாதன்னு சொல்லித் தந்ததே நீங்கதான்" என்றாள் முத்துமாரி. "ஒங்க பேப்பர்ல ஒங்க ஒடம்பப் பத்தித்தான் இருக்கு. இந்த மாத்திரையில இன்னது இருக்குன்னு எங்க எழுதியிருக்கு? சர்க்கார்ட்டக் கேட்டிருக்கீகள்ல? காயிதம் வரட்டும். அன்னைக்கே வாரேன்."

அவர் இதை என்னிடம் சொன்னபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் என்ன சொல்ல பாய்? அவ கேக்குறது சரிதான்."

காகிதம் வரவில்லை. தீபாவளி வந்தது. கம்பெனியை அடைத்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை பத்து மணி இருக்கும். கடை வாசலில் என் மேசைக்கு எதிரே அவர் உட்கார்ந்திருந்தார். மேல்முறையீடு எழுதிக்கொண்டிருந்தோம். அவருடைய போன் அடித்தது. முத்துமாரியின் வீட்டுக்காரர். தீபாவளிக்கு அக்கா வீட்டுக்கு ஆலங்குளம் போயிருக்கிறார்கள். நேற்றிலிருந்து வாந்தி. இன்று எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். பிரஷர் ஏறவில்லை.

"மாத்திரை தின்னாளா?"

"கம்பெனி அடைச்சதோட நிறுத்திட்டாளே யக்கா."

"போனை டாக்டர்ட்டக் குடு. ஏலே, குடுலே!"

போனை ஸ்பீக்கரில் போட்டேன். டாக்டரின் குரலில் எரிச்சல் இருந்தது. "சொல்லுங்கம்மா, என்ன மாத்திரை?"

"பேரு தெரியாது சார். ஸ்டீராய்டு. நாலு மாசமாத் தெனம் தின்னுட்டு சட்டுனு நிறுத்திட்டா."

"ஸ்டீராய்டுன்னு யாரு சொன்னது? ரிப்போர்ட் இருக்கா?"

"இல்ல. சர்க்கார்ட்டக் கேட்டு மூணு மாசமாச்சு. வரல."

"ரிப்போர்ட் இல்லாம நீங்க போன்ல சொன்னீங்கன்னு நான் எப்படிம்மா ஊசி போடுறது?"

அவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் எழுதித் தாரேன். கையெழுத்துப் போட்டுத் தாரேன். தப்பா இருந்தா போலீசுல என்னையப் பிடிச்சுக் குடுங்க."

எழுதிக்கொண்டிருந்த மேல்முறையீட்டை என் கையிலிருந்து பிடுங்கினார். அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். 'முத்துமாரி தின்னதும் நான் தின்னதும் ஒரே கடை ஒரே மாத்திரை. நானும் நிறுத்தி ஆறாம் நாள் விழுந்தேன். ஸ்டீராய்டு ஊசி போட்டுத்தான் எழுந்தேன். அவளுக்கும் போடுங்கள். இதுக்கு நான் பொறுப்பு.' கீழே முழுப் பெயர், கணவர் பெயர், ஊர், தேதி, கையெழுத்து. என்னிடம் நீட்டினார். நான் படம் எடுத்தேன். அரசாங்க ஆஸ்பத்திரியில் தந்த சிகிச்சைக் குறிப்பையும் படம் எடுத்து, இரண்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்களைக் காக்க வைத்தவன், அன்றைக்குத்தான் நாற்பது நிமிடம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொண்டேன். அவர் எழுந்து நடந்தார். எங்கே நடக்கிறோம் என்று தெரியாமல் கடைக்கு உள்ளேயே போய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவே நின்றார். இருமல் வந்தது. அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

போன் அடித்தது. முத்துமாரியின் வீட்டுக்காரர் அழுதுகொண்டே பேசினார். "யக்கா, ஊசி போட்டாக. கண்ணத் தொறந்துட்டா. தண்ணி கேட்டா யக்கா."

இவர் அழவில்லை. "என்ன ஊசின்னு டாக்டர்ட்டப் பேரக் கேட்டு எழுதி வாங்கு" என்றார்.

கார்த்திகையில் கடைக்காரர் ஆள் விட்டுச் சொன்னார். தன் கடையைப் பற்றி ஊரெல்லாம் அவதூறு பேசினால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று. "தாராளமா அனுப்பச் சொல்லுங்க" என்று இவர் பதில் சொல்லி அனுப்பினார். "நான் என்ன மாத்திரையைப் பத்தி என்ன பேசுனேன்னு அதுல எழுதித்தான ஆகணும்? ஆடியில இருந்து அந்தப் பேரத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்." நோட்டீஸ் வரவில்லை. கடையில் செட் மட்டும் நின்றுபோனது.

முத்துமாரி டாக்டரம்மாவின் கணக்குப்படி மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தாள். மாசி பிறந்தபோது கால் மாத்திரையில் இருந்தாள். வேலைக்குத் திரும்பியிருந்தாள். இரண்டு பேரும் எதிரெதிரேதான் உட்கார்ந்தார்கள். காகிதம் என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவும் இல்லை, இவர் சொல்லவும் இல்லை.

பிறகு ஒருநாள் தபால்காரர் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்து இவரிடம் கொடுத்தார். இவர் அதைப் பிரிக்காமல் என்னிடம் எடுத்து வந்தார். படிவம் பதினான்கு-பி. ஒரே பக்கம். பரிசோதனைக்கு அனுப்பப்பட்ட வெள்ளை மாத்திரையில் டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உள்ளது. கீழே பகுப்பாய்வாளரின் கையெழுத்து. நான் படித்துச் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். கையெழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

"இது என்ன தேதி?"

சொன்னேன். தீபாவளிக்குப் பதினாலு நாள் முந்தைய தேதி.

"அன்னைக்கே எழுதி முடிச்சுட்டாகளா?"

"முடிச்சுட்டாங்க."

உறையைத் திருப்பினார். தபால் முத்திரையைப் பார்த்தார். அதைப் படித்துச் சொல்ல நான் தேவைப்படவில்லை. இடைப்பட்ட நாட்களில் அந்தக் காகிதம் எங்கே இருந்திருக்கும் என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அனுப்புகைப் பிரிவில், ஒரு தட்டில், அதைப் போன்ற இன்னும் பல காகிதங்களுக்கு அடியில் இருந்திருக்கும். அங்கே எதிலும் அவசரம் என்று எழுதியிருக்காது. இதற்கான மனுவில் எழுதியிருந்தது. அவர் சொல்ல நான் எழுதியதுதான். படித்திருக்க மாட்டார்கள்.

அவர் உறையை மேசையில் வைத்தார். பிறகு மேசையை என் பக்கம் தள்ளினார்.

"இன்னொரு மனு எழுதுங்க பாய்."

"என்னன்னு?"

"எழுதி முடிச்ச காயிதம் இம்புட்டு நாளும் எங்க இருந்துச்சு, ஆரு கையில இருந்துச்சுன்னு கேட்டு. அவுக பேரு வேணும். மொதல்ல நமக்கு எப்ப வந்துச்சுங்கறதப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். இந்தமுறை 'மேற்படி' என்றோ 'ஐயப்பாடு' என்றோ எதையும் நான் சேர்க்கவில்லை. அவர் சொன்னதை அப்படியே முதல் வரியாக எழுதினேன்: தங்கள் பதில் எங்கள் கைக்கு வந்து சேர்ந்தது மாசி மாதம் பதினேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.